கச்சான் காற்றில் ஒரு கறுப்புப் பொன்: திருகோணமலை வீடுகளில் மெலனோ கொடி வளர்க்க முழுமையான வழிகாட்டி

மணி பிளான்ட் மரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். போத்தல் தண்ணீரில் உள்ளங்கை அளவு இலை விட்ட அதே கொடி, மரத்தைப் பற்றி மேலே போகப் போகச் சுளகளவு இலை விடும். இறக்கித் தொங்கவிட்டால் திரும்பவும் சிறுத்துப்போகும். பிலோடென்ட்ரன் மெலனோகிரைசம் என்ற கொடிக்கும் இதே குணம்தான். கன்றாக இருக்கும்போது நாலங்குல இலை. பற்றிக்கொள்ள ஈரமான கொழுகொம்பு ஒன்று கிடைத்தால் வீட்டுக்குள்ளேயே ஓரடிக்கு மேல் நீண்டு தொங்கும் இலை. சாடியைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொழுகொம்பைக் காயவிடுகிறவர்களின் கொடி, வருடக்கணக்கில் கன்றாகவே நிற்கும்.

செடி வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘மெலனோ’ என்பார்கள். சொந்த ஊர் கொலம்பியாவின் ஆன்டீஸ் மலையடிவார மழைக்காடுகள். கிரேக்கத்தில் மெலாஸ் என்றால் கறுப்பு, கிரைசோஸ் என்றால் பொன். 1873இல் இந்தப் பெயரை வைத்தவர்கள் பார்த்தது இளங்கொடியைத்தான். முதிர்ந்த கொடியை வேறு இனம் என்று நினைத்துப் பிறகு இன்னொருவர் வேறொரு பெயரும் வைத்தார். அவ்வளவு தூரம் உருமாறும் கொடி இது.

இலையின் வெல்வெட் பளபளப்புக்கு மயிர் காரணமல்ல. மேல்தோலில் உள்ள ஒவ்வொரு கலமும் சின்னக் கும்பம்போல் புடைத்திருக்கும்; காட்டு நிழலில் கிடைக்கும் கொஞ்ச ஒளியை உள்ளே வாங்க அது உதவுகிறது. இலையைச் சாய்த்துப் பார்த்தால் கரும்பச்சைக்குள் பொன் மினுக்கம் ஓடுவதும் அதனால்தான். இந்த மேடு பள்ளத்தில் எண்ணெயோ உப்புத் தூசியோ இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது. கீழே ‘இலையில் படவிடாதீர்கள்’ என்று பல இடங்களில் வரும், காரணம் இதுதான்.

திருகோணமலையில் வளருமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். நிழலில் 32 பாகை வரை இந்தக் கொடி தாங்கும். அதற்கு மேல் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான். இங்கே அதைக் கொல்வது வேறு இரண்டு: மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைத் தாண்டி ஈரமிழந்து வந்து வீசும் கச்சான் காற்று, உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்றுத் தண்ணீர்.

கன்று வாங்கும்போது

மெலனோ என்று சொல்லி வேறு கொடிகளும் விற்கப்படுகின்றன. அடிக்கடி நடப்பது மைக்கன்ஸ் கொடியைத் தந்துவிடுவது. அதுவும் வெல்வெட்தான், மலிவானது. அதன் தண்டு நூல்போல மெல்லியது, இலையின் அடிப்பக்கம் செம்ஊதா படர்ந்திருக்கும், இலை எவ்வளவு காலமானாலும் சிறியதாகவே இருக்கும். மெலனோ கன்றில் தண்டு தடிப்பானது, நரம்புகள் வெளிர்பச்சையாகத் தெளிவாகத் தெரியும், புதிய இலை செப்பு நிறத்தில் வரும். இலைக்காம்பில் பூனைமயிர்போல ரோமம் இருந்தால் அது வெருகோசம் என்ற இன்னொரு பிலோடென்ட்ரன் கலந்த கலப்பினம். இலை அகலம் கூடி, இதயம்போல வட்டமாக இருந்தால் குளோரியோசம் என்ற பிலோடென்ட்ரன் கலந்தது. கலப்பினங்கள் மோசமானவை அல்ல, வளர்ப்பதும் சுலபம். மெலனோ விலை கொடுத்து அவற்றை வாங்கத் தேவையில்லை, அவ்வளவே.

குறைந்தது மூன்று இலையும் சாடியின் அடித்துளையில் தெரியும் வெள்ளை வேரும் உள்ள கன்றை எடுங்கள். வேரில்லாத ஒற்றை இலைத் துண்டு மலிவாகக் கிடைக்கும். முதல் கொடியாக அதை வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைத்தால், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். பொதிக்குள் மறைத்து அனுப்பச் சொல்வது சட்டவிரோதம். புதுப் பூச்சிகளும் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வருகின்றன.

கண்டிப் பக்கத்துக் குளிரில் வளர்ந்து பஸ்ஸில் வந்த கன்றை வந்த அன்றே சாடி மாற்றாதீர்கள். பத்து நாள் நிழலில் அப்படியே இருக்கட்டும். மற்றச் செடிகளுக்குப் பக்கத்தில் வைக்க மூன்று கிழமை பொறுக்க வேண்டும். அதற்குள் இலைப்பேன் இருந்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கிணறுகளில் வெயில் காலத்தில் தண்ணீர் உவர்க்கும். நாக்குக்குத் தெரியாத அளவு உப்பே இந்த வேருக்குக் கூடுதல். சோதிக்க எளிய வழி: ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைக் கறுப்புத் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். தட்டில் வெள்ளை வளையம் தடிப்பாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டீடிஎஸ் பேனா இருந்தால் இன்னும் நல்லது. 200க்குக் கீழே என்றால் தயக்கமில்லாமல் ஊற்றலாம். 500க்கு மேல் என்றால் ஊற்றவே கூடாது.

மழைத் தண்ணீர்தான் தீர்வு, இங்கே அது மார்கழி வரை தாராளமாகக் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சென்றிமீற்றர் சாடிக்கு ஒரு தடவைக்கு அரை லீற்றர், கிழமைக்கு மூன்று தடவை. கொழுகொம்புக்கு நாளுக்கு 300 மில்லிலீற்றர். கச்சான் வீசும் ஐந்து மாதத்துக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 80 லீற்றர். அதாவது ஒரு கொடிக்கு 100 லீற்றர்ப் பீப்பா ஒன்று. 10 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தாலே பீப்பா நிறைந்துவிடும். கடற்கரை வீடுகளில் கூரையில் உப்புப் படிந்திருப்பதால் பருவத்தின் முதல் இரண்டு மழையைப் பீலி வழியாக வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். பீப்பா வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி மூடியும் போட வேண்டும். அழகுக் கொடிக்குச் சேர்த்த தண்ணீரில் டெங்கு நுளம்பு வளர்த்த வீடாகப் பெயர் வாங்கக் கூடாது.

மழைத் தண்ணீரில் கல்சியம் இல்லை. அதை மட்டுமே மாதக்கணக்கில் ஊற்றினால் புதிய இலைகள் நுனி கருகி, கோணலாக வரும். நாலு பங்கு மழைத் தண்ணீருக்கு ஒரு பங்கு உவர்ப்பில்லாத குழாய்த் தண்ணீர் சேர்த்தால் அந்தக் குறை தீரும். குழாய்த் தண்ணீரை முதல் நாள் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் போகட்டும். பீப்பா வற்றினால் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரையும் இதே கணக்கில் கலக்கலாம்.

சாடிக் கலவை

தோட்ட மண் கூடாது. இந்த வேர்கள் காட்டில் மரப்பட்டையிலும் இலைமக்கிலும் ஓடுபவை. தண்ணீரைப்போலவே காற்றும் வேண்டும். 200 மில்லிலீற்றர்க் கோப்பையால் அளந்து, 20 சென்றிமீற்றர்ச் சாடி ஒன்றுக்கு:

- பொச்சுமட்டைத் துண்டு (1 முதல் 2 சென்றிமீற்றர்): 8 கோப்பை
- நொறுக்கிய சிரட்டைக்கரி (சுண்டுவிரல் நகத்தளவு): 4 கோப்பை
- ஓட்டுத் துண்டு அல்லது செங்கல் துண்டு (அதே அளவு): 4 கோப்பை
- நன்றாக மக்கிச் சலித்த கூட்டெரு: 2 கோப்பை
- தும்புத்தூள்: 2 கோப்பை

பொச்சுமட்டையிலும் தும்புத்தூளிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் 24 மணித்தியாலம் ஊறவைத்துக் கொட்டுங்கள். தேயிலைச் சாயம்போலத் தண்ணீர் வரும். மூன்று தடவை மாற்றுங்கள், கடைசித் தடவை மழைத் தண்ணீர். வடியும் தண்ணீர் டீடிஎஸ் பேனாவில் 300க்குக் கீழே வந்தால் போதும். சாம்பல் ஒட்டிய அடுப்புக்கரியைப் போடாதீர்கள். சாம்பலின் காரம் வேரைச் சுடும். போட்டே ஆக வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

சாடி நிரம்பியதும் ஒரு லீற்றர் ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்காமல் ஐந்து வினாடிக்குள் அடியால் ஓட வேண்டும். தேங்கினால் தும்புத்தூள் கூடிவிட்டது.

மண்சாடியா பிளாஸ்ரிக்கா? மழைநாட்டுப் புத்தகங்கள் மண்சாடியைப் புகழும். இங்கே கச்சான் காலத்தில் மண்சாடி அரை நாளில் காயும், அதன் சுவரில் உப்புப் பூத்து, ஒட்டிய வேர் கருகும். அடியிலும் பக்கத்திலும் நிறையத் துளையிட்ட பிளாஸ்ரிக் சாடிதான் நல்லது. அழகு வேண்டுமானால் அதை மண்சாடிக்குள் இறக்கி வையுங்கள்.

கொழுகொம்பு

கடையில் விற்கும் தும்பு சுற்றிய கோலில் வேர் ஒட்டும், உள்ளே போகாது. ஊற்றிய தண்ணீரும் நிமிடத்தில் வழிந்துவிடும். நம் காற்றுக்கு ஏற்றது பின்பக்கம் மூடிய கொம்பு. ஹாட்வெயார் கடையில் எல்லாம் கிடைக்கும்.

1. நாலங்குல பிவிசி குழாயில் 105 சென்றிமீற்றர் வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளவுங்கள். ஒரு குழாயில் இரண்டு கொம்பு.
2. இரு விளிம்பிலும் 10 சென்றிமீற்றருக்கு ஒரு துளை போடுங்கள். அடி 15 சென்றிமீற்றரில் முதுகிலும் ஐந்தாறு துளை வேண்டும். அந்தப் பகுதி சாடிக்குள் போகும், தண்ணீர் வடிய வேண்டும்.
3. ஒரு சென்றிமீற்றர்க் கண்ணுள்ள பிளாஸ்ரிக் வலையைத் திறந்த பக்கத்தில் வைத்துக் கேபிள் டையால் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள்.
4. கழுவிய தும்பும் சிறு பொச்சுமட்டைத் துண்டும் சம அளவில் கலந்து ஈரமாக நிரப்புங்கள். கிட்டத்தட்ட 4 லீற்றர் பிடிக்கும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். கல்லாக இறுக்கினால் வேர் நுழையாது.
5. மறுபக்கமும் கட்டிச் சாடி நடுவில் நிறுத்தி, சுற்றிக் கலவை போட்டு, கொடியின் முதுகை வலைப் பக்கம் திருப்பி நடுங்கள்.

கொடிக்கு முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு. இலைக்காம்பு கிளம்பும் பக்கத்துக்கு எதிரே, கணுவில் சின்ன முளைபோல வேர் நீட்டியிருக்கும். அந்த முதுகுதான் வலையைத் தொட வேண்டும். தண்டைக் கட்டலாம், இலைக்காம்பைக் கட்டக் கூடாது. காம்புதான் இலையை ஒளிக்குத் திருப்புகிறது. பழைய துணிக் கீற்று போதும், கம்பி வேண்டாம்.

ஈரம் நிற்க, அரை லீற்றர்ப் போத்தலின் மூடியில் ஊசித்துளை ஒன்று போட்டுத் தலைகீழாகக் கொம்பின் உச்சியில் செருகி, அடியிலும் ஒரு துளை போடுங்கள், காற்று நுழைய. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும். நாளுக்கு ஒரு தடவை, காலையில், 300 மில்லிலீற்றர். மாரியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும்.

இடமும் ஒளியும்

கிழக்கு யன்னலுக்கு உள்ளே ஒரு மீற்றர், அல்லது வடக்கு யன்னலோரம். மேற்கு யன்னல் வேண்டாம். பிற்பகல் வெயிலும் கச்சானும் ஒரே பக்கத்தால் வருகின்றன. நண்பகலில் வெள்ளைத் தாளின் மேல் ஓரடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விளிம்பு மங்கிய, ஆனால் கை என்று தெரியும் நிழல் விழுந்தால் சரி. கைபேசி ஒளிமானியில் 8,000 முதல் 15,000 லக்ஸ். ஒளி போதாத வீட்டில் ‘பகல் வெளிச்சம்’ என்று போட்ட 15 முதல் 20 வாற் எல்ஈடி விளக்கை உச்சி இலைக்கு 40 சென்றிமீற்றர் மேலே 12 மணித்தியாலம் எரிய விடுங்கள்.

தகரக் கூரைக்கு நேர் கீழே, ஏசி வாய்க்கு முன்னால், ஃபான் நேராக அடிக்கும் இடத்தில் வைக்க வேண்டாம். காற்று மெல்ல அசையத்தான் வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஃபான் காற்று நல்லது.

காற்றின் ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் இருந்தால் போதும். ஐப்பசியிலிருந்து தை வரை அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. கச்சான் நாட்களில் காலை 11 முதல் மாலை 4 வரை மேற்கு, தென்மேற்கு யன்னல்களை மூடுங்கள். மூட முடியாத யன்னலில் நனைத்த சாக்குத் தொங்கவிடும் பழைய முறை இன்றைக்கும் வேலை செய்யும். செடிகளைக் கூட்டமாக வையுங்கள். சாடிக்கு அடியில் தண்ணீர் விட்ட கூழாங்கல் தட்டு வைப்பதால் பெரிய பயனில்லை. இலையில் தண்ணீர் விசிறுவது வீண், சில நேரம் கெடுதலும்கூட. ஐந்து நிமிடத்தில் காய்ந்து புள்ளியை விட்டுப்போகும், காயாவிட்டால் பற்றீரியாப் புள்ளி வரும். ஈரப்பதம் கூட்டும் கருவி வாங்கினால் அதற்கும் மழைத் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அது புகையோடு சுண்ணாம்பையும் கக்கும். வெல்வெட் இலை மாவு தடவியதுபோல் ஆகும்.

சாடிக்குத் தண்ணீரும் உரமும்

நாள் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மேல் கணு காய்ந்து கீழ்க் கணுவில் குளிர் தெரிந்தால் அன்றைக்கு ஊற்றலாம். கச்சானில் கிழமைக்கு மூன்று தடவை வரும். கார்த்திகை மார்கழியில் எட்டு, பத்து நாளுக்கு ஒன்றாகவும் போகும். இங்கே மெலனோ அழுகிச் சாவது பெரும்பாலும் அந்த மாரி மாதங்களில்தான். வெயில் காலப் பழக்கத்தில் கை தானாக ஊற்றிவிடுகிறது.

உரத்துக்கு, தண்ணீரில் கரைத்து ஊற்றும் அல்பேர்ட் கலவை போதும். மண்ணில்லாப் பயிருக்கு லீற்றருக்கு 2 கிறாம் என்றால் இதற்கு அரைக் கிறாம், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பாதி சாடிக்கு, பாதி கொழுகொம்புக்கு. புதிய இலை வராத காலத்தில் நிறுத்திவிடுங்கள். மாரியில் மாதம் ஒரு தடவை ஆறேழு லீற்றர் மழைத் தண்ணீரை மெல்ல ஊற்றிச் சாடியில் சேர்ந்த உப்பைக் கழுவுங்கள்.

புதிய இலை விரியும் நாட்கள்

கொடி நன்றாக இருந்தால் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஓர் இலை வரும். முதலில் மெல்லிய உறை ஒன்று நீளும். அது பிளந்து, சுருட்டிய குடைபோல இலை இறங்கும். செப்பு நிறம், நனைந்த கடதாசிபோல அவ்வளவு மென்மை. தொட்ட விரலின் தடம் பழுப்பாகி இலை இருக்கும்வரை இருக்கும். விரிந்து, நீண்டு, கருத்து, கடினமாக இரண்டு கிழமைக்கு மேல் ஆகும். இந்த நாட்களில் சாடியைத் திருப்பாதீர்கள், கொழுகொம்பை ஒரு நாளும் காயவிடாதீர்கள்.

உறை காய்ந்து இலை உள்ளே சிக்கினால் இழுக்காதீர்கள். நனைத்த பஞ்சை உறையின் மேல் அரை மணித்தியாலம் சுற்றி வையுங்கள், ஊறியதும் உறையை மட்டும் நகத்தால் மெல்லக் கீறி விடுங்கள். அடுத்தடுத்து இரண்டு இலை சிக்கினால் குறை உறையில் இல்லை, கொழுகொம்பு காய்கிறது.

காம்பில் பசைபோல ஒட்டும் துளியைப் பார்த்துப் பலர் மருந்தைத் தூக்குகிறார்கள். அது பெரும்பாலும் கொடியே சுரக்கும் தேன். சுற்றிலும் பூச்சி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தூசியைத் துணியால் துடைக்காமல் மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டுங்கள்.

எது பிழைத்தது என்று கண்டுபிடிக்க

இலை விளிம்பு பழுப்பாகிக் கருகினால் முதலில் தண்ணீரின் உப்பைச் சந்தேகியுங்கள், பிறகு காற்றை. அடி இலை மட்டும் எப்போதாவது மஞ்சளாகி விழுவது இயல்பு. இரண்டு மூன்று ஒரேயடியாக மஞ்சளானால் வேரைப் பாருங்கள். அழுகிய வேரைப் பிடித்து உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், சேற்று நாற்றம் அடிக்கும். நல்ல வேர் வரும்வரை வெட்டி, புதுக் கலவையில், மிஞ்சிய வேருக்கு அளவான சின்னச் சாடியில் நட்டு, பத்து நாள் உரமில்லாமல் நிழலில் வையுங்கள். இலை வரவரச் சிறுத்தால் ஒன்று ஒளி குறைவு, அல்லது கணு வேர் கொம்புக்குள் போகவில்லை.

செஞ்சிலந்தி கச்சானோடு வரும். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடந்தால் அதுதான். அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து அடிப்பக்கத்தில் மட்டும் தெளித்து, அரை மணித்தியாலத்தில் கழுவிவிடுங்கள். ஐந்து நாளுக்கு ஒன்றாக மூன்று தடவை செய்ய வேண்டும், முட்டைக்கு எந்தச் சவர்க்காரமும் ஏறாது. இலைப்பேன் என்றால் வெள்ளி நிறக் கீறலும் கோணிய புது இலையும் தெரியும். அதன் கூட்டுப்புழுப் பருவம் கலவைக்குள் கழிவதால் மேல் இரண்டு சென்றிமீற்றர்க் கலவையையும் மாற்றுங்கள். மாவுப்பூச்சியைப் பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுத்து, அதைச் சுமந்துவரும் எறும்பின் வழியையும் அடையுங்கள். வேப்பெண்ணெய் வெல்வெட்டில் கறை விடும். வேறு வழியில்லாவிட்டால் ஓர் இலையில் சோதித்துவிட்டு மாலையில் மட்டும்.

கொடியின் சாற்றில் கல்சியம் ஒக்சலேற்று ஊசிப் பளிங்குகள் உண்டு. குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள்.

உச்சியைத் தொட்ட பிறகு

ஏறக்குறைய இரண்டு வருடத்தில் கொடி கொம்பின் உச்சிக்கு வரும். அப்போது வெட்டத்தான் வேண்டும். தொங்கவிட்டால் இலை சிறுக்கும். காலம் கார்த்திகை முதல் தை வரை, காற்றே ஈரமாக இருப்பதால். பாதுகாப்பான வழி, வெட்டுமுன் வேர் பிடிக்க வைப்பது. உச்சியிலிருந்து மூன்றாவது கணுவைச் சுற்றி ஒரு கைப்பிடி ஈரத் தும்பை வைத்து ஒளிபுகும் பொலித்தீனால் கட்டுங்கள். மூன்று முதல் ஆறு கிழமையில் வெள்ளை வேர் பொலித்தீனில் முட்டும். ஐந்து சென்றிமீற்றர் நீண்டு கிளைவேரும் விட்ட பிறகு, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் அதற்குக் கீழே ஒரே வெட்டு. வெட்டுவாயில் கறுவாத்தூள் தொட்டு வையுங்கள், வேரில் படக்கூடாது; அதையும் உலர்த்திவிடும்.

வெட்டிய தலையைத் தும்போடு சேர்த்துப் புதிய சாடியில், புதிய கொம்பில் நடுங்கள். அடிக்கொடியை எறிந்துவிடாதீர்கள். இலை பாதியாகக் குறைந்ததால் அதற்குச் சாடித் தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள், கொழுகொம்பு ஈரமாகவே இருக்கட்டும். ஒன்றிரண்டு மாதத்தில் மேல் கணுவில் கடுகளவு முளை புடைக்கும். அது நீண்டு முதல் இலையை விரித்த பிறகு பழைய அளவுக்குத் தண்ணீரைக் கூட்டலாம்.